எலும்புக்கு ஒரு சாரம்: நானோ இழைகள் வந்த கதை



நானோ இழை என்றதுமே ஏதோ நேற்று முளைத்த விஷயம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த இழையை நூற்கும் முறைக்கு நூறு வயது எப்போதோ தாண்டிவிட்டது. அதைக் கொண்டு எலும்பு வளர்க்கலாம் என்ற யோசனைதான் புதுசு. இத்தனை வருடம் அந்த முறை எங்கே இருந்தது, எலும்பு ஆராய்ச்சி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, இரண்டும் எப்போது சந்தித்தன என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் பிரச்சனை என்ன என்று பார்ப்போம். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தால் போதும், தானே கூடிவிடும். ஆனால் விபத்தில் ஒரு பெரிய துண்டே சிதறிப் போனாலோ, கட்டிக்காக ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலோ அந்த இடைவெளி தானாக மூடாது. அப்போது மருத்துவர்கள் நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து அங்கே வைக்கிறார்கள். நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம். எடுத்த இடத்தில் பல மாதம் வலி இருக்கலாம். அதோடு இடுப்பில் எவ்வளவுதான் எடுக்க முடியும்? உலோகம் வைக்கலாம், ஆனால் அது வளராது. பாரத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்வதால் பக்கத்து எலும்பு மெலிந்தும் போகும்.

வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம் இல்லையா? கொத்தனார் அதில் ஏறி நின்று சுவரைக் கட்டுவார். அதே மாதிரி உடம்புக்குள் ஒரு சாரம் வைத்தால், எலும்பு செல்கள் அதில் ஏறி உட்கார்ந்து எலும்பைக் கட்டிக்கொள்ளும். ஒரே வித்தியாசம், இந்தச் சாரத்தை யாரும் வந்து பிரிக்க மாட்டார்கள். எலும்பு வளர வளர அதுவே கரைந்து போக வேண்டும்.

இந்த யோசனைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர். எலும்பிலிருந்து தாதுவை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள் எலும்பு வளர்ந்தது! 1965ல் இதை வெளியிட்டார். எலும்பை வளரச் சொல்லும் கட்டளை எலும்புக்குள்ளேயே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு பக்கம் லாரி ஹென்ச். 1967ல் ஒரு ராணுவப் பொருளியல் மாநாட்டுக்குப் பேருந்தில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒரு கர்னல். கை கால் இழந்த வீரர்களைப் பார்த்து வந்த அவர், உடம்பு ஒதுக்கித் தள்ளாத ஒரு பொருளைச் செய்ய முடியாதா என்று கேட்டாராம். 1969ல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியை ஹென்ச் செய்து முடித்தார். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சு கொடுப்பதில் இப்படியும் லாபம் உண்டு :)

லண்டனில் வில்லியம் பான்ஃபீல்ட் வேறு கோணத்தில் யோசித்தார். எலும்பே ஒரு கலப்புப் பொருள்தானே? எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்சிஅபடைட் வகைத் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழை. தாது மட்டும் இருந்தால் சாக்பீஸ் மாதிரி உடையும், கொலாஜன் மட்டும் இருந்தால் வளையும். எனவே பாலிஎத்திலீனுக்குள் ஹைட்ராக்சிஅபடைட் துகள்களைக் கலந்து, 1981ல் அதை எலும்புக்கு மாற்றாக முன்வைத்தார். அது பிற்பாடு நடுக்காது எலும்புகளுக்கு மாற்றாகப் பயன்பட்டது. ஆனால் அது கரையாது. 1993ல் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வக்கான்டியும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் செல், கரையும் சாரம், வளர்ச்சிக் கட்டளை எல்லாவற்றையும் திசுப் பொறியியல் என்று ஒரே குடையின் கீழ் நிறுத்திப் பிரபலமாக்கியது.

சரி, இழை எங்கே?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தேய்த்த அம்பரை நீர்த்துளியின் அருகே கொண்டுபோனால் துளி கூம்பாக எழும்புவதை வில்லியம் கில்பர்ட் 1600லேயே எழுதி வைத்திருக்கிறார். 1902ல் அமெரிக்காவில் கூலியும் மார்ட்டனும் மின்சாரத்தால் திரவத்தை இழுத்துச் சிதறடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1934ல் ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் அதை வைத்துச் செயற்கை நூல் செய்யக் காப்புரிமை பெற்றார். முறை எளிமையானதுதான். பாலிமர் கரைசலை ஊசி முனையில் நிறுத்தி, பத்து இருபது ஆயிரம் வோல்ட் கொடுத்தால் துளி கூம்பாகி, நுனியிலிருந்து ஒரு தாரை பீறிடும். கரைப்பான் ஆவியாக, எதிரே உள்ள தகட்டில் இழைகள் வந்து படியும். இதுதான் மின்நூற்பு.

இதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனது சோவியத் யூனியன். மாஸ்கோவின் கார்ப்போவ் நிறுவனத்தில் 1938ல் ரோசன்ப்ளூமும் பெத்ரியானோவ் சோக்கலோவும் இந்த இழைகளை வடிகட்டியாக்கினார்கள். போனது எங்கே தெரியுமா? விஷவாயு முகமூடிக்குள்! அதே துணியில் செய்த முகக்கவசத்தைத்தான் 1986ல் செர்னோபில்லில் தூசிக்கு நடுவே வேலை செய்தவர்கள் அணிந்தார்கள். உயிரைக் காத்த இந்தப் பொருள் எலும்பு மருத்துவர்கள் கண்ணில் படவே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

1964ல் ஜெஃப்ரி டெய்லர் அந்தக் கூம்புக்குக் கணிதம் எழுதினார். பிறகு 1990களில் டயர் தொழிலுக்குப் பெயர் போன அக்ரான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் டாரல் ரெனெக்கர் குழு இதைத் தூசி தட்டி எடுத்தது. தோஷியும் ரெனெக்கரும் 1995ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆய்வகங்கள் தோறும் மின்நூற்பு பரவியது. ஒரு தாரை பல கிளையாகப் பிரிவதால்தான் இழை மெலிகிறது என்று முன்பு நினைத்தார்கள். சாட்டை போல் சுழன்று நீள்வதுதான் காரணம் என்று ரெனெக்கரும் யாரினும் 2000ல் காட்டினார்கள்.

இப்போது சந்திப்பு. கொலாஜன் இழையின் தடிமன் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர். மின்நூற்பில் வருவதும் ஏறக்குறைய அதே அளவு! 2002ல் லாரன்சின், டுவான், கோ ஆகியோரின் குழு இதைச் சாரமாக முன்வைத்தது. 2003ல் வக்கான்டி இருந்த பாஸ்டன் குழு, பாலிகேப்ரோலாக்டோன் இழைகளில் எலி மஜ்ஜையின் மூல செல்களை விதைத்து, நான்கு வாரத்தில் அங்கே தாது படிவதைக் காட்டியது.

பாலிகேப்ரோலாக்டோன் மெதுவாகக் கரையும், நூற்க எளிது. ஆனால் தண்ணீர் ஒட்டாத வெறும் பிளாஸ்டிக். அதனால் பான்ஃபீல்டின் பாடம் திரும்ப வந்தது: தாதுவைக் கலந்துவிடு. 2005ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சீராம் ராமகிருஷ்ணா குழு கால்சியம் கார்பனேட் கலந்த இழைச் சவ்வு செய்தது. அதே ஆண்டு கொரியாவில் ஜெலட்டின் கரைசலுக்குள்ளேயே ஹைட்ராக்சிஅபடைட் படிகங்களை உருவாக்கி நூற்றார்கள். துகளை வெறுமனே கலந்தால் அது திரண்டு ஊசியை அடைத்துவிடும். அளவு கூடினால் இழையும் பொடியும். இவர்கள் வழி அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. கொலாஜனையே நூற்கலாமே என்று கேட்பீர்கள். 2002லேயே செய்தார்கள். ஆனால் கரைப்பான் கொலாஜனின் முச்சுருளைச் சிதைத்துவிடுகிறது, இது ஜெலட்டின் செய்ய ஒரு செலவு பிடித்த வழிதானா என்று 2008ல் இன்னொரு குழு நறுக்கென்று கேட்டது!

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. எலும்பு உள்ளே வளர, ரத்தக் குழாய் நுழைய, துளைகள் 100 மைக்ரோமீட்டராவது வேண்டும் என்று ஹல்பர்ட் குழு 1970லேயே சொல்லியிருந்தது. இழை மெலிய மெலிய இடைவெளியும் சுருங்கி, சில மைக்ரோமீட்டரில் நின்றுவிடும். செல்லின் அகலமோ பத்து இருபது மைக்ரோமீட்டர். ஆக செல்கள் மேலேயே படர்ந்து நிற்கின்றன. தூசியைத் தடுக்கும் குணம்தான் முகமூடிக்கு அழகு. அதே குணம் செல்லையும் வெளியே நிறுத்துகிறது. உப்பைத் தூவி நூற்றுப் பிறகு கரைத்தார்கள், பனிப் படிகங்களுக்கு நடுவே நூற்றார்கள், கரைந்துபோகும் இரண்டாவது இழையைக் கலந்தார்கள். துளை பெரிதாகும், வலிமை குறையும்.

அதனால் ஈறு இடுக்கில் வைக்கும் மெல்லிய சவ்வு போன்ற, அதிகப் பாரம் தாங்க வேண்டாத வேலைகளுக்கு இவை நன்றாகப் பொருந்துகின்றன. தொடை எலும்பில் பெரிய இடைவெளி என்றால் இன்றும் மருத்துவர் கை முதலில் போவது இடுப்பு எலும்புக்குத்தான். இப்போது சில ஆய்வகங்கள் முப்பரிமாண அச்சில் பெரிய துளையுள்ள சட்டத்தை அடித்து, அதன் அடுக்குகளுக்கு நடுவே கலப்பு நானோ இழைகளைப் படியவைக்கின்றன. பாரத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், செல்லுக்குப் பிடிமானம் இழை தரும் என்பது கணக்கு.