ஜொகூர்த் தமிழரும் வீட்டு முன்பணமும்

ஜொகூரில் புது வீடு வாங்குபவர், மேம்பாட்டாளருடன் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது விலையில் 10 விழுக்காட்டைக் கட்டியாக வேண்டும். மீதி 90 விழுக்காட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்கும். முதல் பத்தும், வழக்கறிஞர் கட்டணமும், முத்திரை வரியும் வாங்குபவர் கையிலிருந்து வர வேண்டியவை. தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தொகையைத் தேடிய கதை இரண்டு மூன்று தலைமுறைக் கதை. யார் சீக்கிரம் வீடு வாங்கினார், யார் கடைசிவரை வாடகைக்கு இருந்தார் என்பதைச் சம்பளத்தின் அளவு மட்டும் முடிவு செய்துவிடவில்லை. நாட்கூலி, மாதச் சம்பளம், சிங்கப்பூர் வெள்ளி, சம்பளச் சீட்டே இல்லாத வருமானம் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சேர்ந்தது, ஒவ்வொரு விதமாகக் கரைந்தது.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் முடிந்தது. அதன் இரு பக்கமும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ரப்பர் காடுகள் பரவின. அவற்றில் பால் மரம் வெட்டத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிலைக்கூலியாக இருந்தது. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40க்கும் 32க்கும் இறக்கப்பட்டது. தோட்டமே லயத்தில் ஓர் அறை கொடுத்ததால் மலாயாவில் வீடு என்ற எண்ணத்துக்கே இடமில்லை. அன்று மிச்சம் பிடித்தவர் வீடு கட்ட நினைத்த இடம் கடலுக்கு அப்பால் இருந்த சொந்த ஊர்தான். 1922இல் மலாயாவில் கூட்டுறவுத் துறை தொடங்கியது. அதன் மேற்பார்வையில் தோட்டங்களில் உருவான சிக்கன நாணயச் சங்கங்களும் ஊர் திரும்புவோர் கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும் என்ற நோக்கிலேயே நடந்தன. ஜப்பானியர் காலத்தில் புழங்கிய வாழைமர நோட்டு 1945இல் வெறும் காகிதமானது. ரொக்கமாகச் சேர்த்தவர்கள் அத்தனையும் இழந்தார்கள். நகையாக வைத்திருந்தவர்களுக்கு ஏதோ மிஞ்சியது. தோட்டப்புறத்துப் பெண்கள் பிற்காலத்திலும் வங்கிக் கணக்கைவிடப் பவுனை நம்பியதில் வியப்பில்லை.

பட்டணத்துத் தமிழரின் நிலை வேறு. ரயில்வே, பொதுப்பணி, நகராட்சி வேலைக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. கிராணிகளும் ஆசிரியர்களும் மாதச் சம்பளக்காரர்கள். 1950இல் தொடங்கிய வீட்டுக்கடன் சங்கமான மலாயா போர்னியோ பில்டிங் சொசைட்டி போன்றவற்றின் கதவைத் தட்டக்கூடியவர்கள். 1970களில் அரசு ஊழியர்களுக்குக் கருவூலமே 4 விழுக்காட்டு வட்டியில் வீட்டுக்கடன் கொடுத்தது. தகுதிக்கு உட்பட்ட வீடாக இருந்தால் முழு விலையும் கடனாகவே கிடைத்ததால் அவர்களில் பலருக்கு முன்பணம் ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. சம்பளம் பெரிதாக இல்லாத அலுவலகப் பியூன் ஒருவர், அவரைவிடக் கூடச் சம்பாதித்த லாரிக்காரருக்கு முன்பே வீட்டுக்காரர் ஆனதற்கு இதுதான் காரணம்.

தோட்டத் தொழிலாளியின் சேமிப்பில் பெரிய திருப்பம் ஊழியர் சேமநிதி. 1951இல் அமைக்கப்பட்ட அந்த நிதிக்குத் தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் கட்டினார்கள். மூன்று வெள்ளி நாட்கூலி என்றால் நாளுக்கு 30 காசு அவர் பெயரில் சேரும். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பால் இல்லாத நாளில் கூலி குறையும், சேமநிதியும் அதோடு குறையும். 55 வயது வரை தொட முடியாத பணம் அது. நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே எடுக்கலாம். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் பலருக்கு அந்தச் சேமநிதிதான் ஊரில் போட்ட கூரை.

இருந்துவிட்டவர்களுக்கு லயம் நிலையானதல்ல என்பது 1950களிலேயே தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலையோடு வீடும் போனது. இதை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் அறிக்கை தந்த பொருளியலாளர் உங்கு அஜிஸ், ஜொகூர் அரச குடும்பத்தோடு உறவுள்ளவர். தோட்டத் துண்டாடலுக்கு அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் கண்ட பதில், 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கும். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பல்லாயிரம் பேர் சேர்ந்த இந்தத் திட்டம் வேலையைக் காத்தது, நிலத்தைக் கூட்டுச் சொத்தாக்கியது. ஆனால் தனி ஒரு குடும்பத்தின் பெயரில் மனைப்பட்டா கிடைப்பது அதன் வழியாக நடக்கவில்லை. நாட்கூலிக்காரர் தவணை கட்டமாட்டார் என்று வங்கிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மாதம் பத்து வெள்ளி தவறாமல் வந்து குவிந்ததே அந்தப் பேச்சுக்குத் தக்க மறுப்பு.

குடும்பத்தின் கைப்பணம் சேர்ந்தது வேறோர் இடத்தில். தோட்டத்துப் பெண்கள் நடத்திய கூட்டு அது. இருபது பேர் மாதம் ஐம்பது வெள்ளி போட்டால் ஆயிரம் வெள்ளி. கூட்டு பிடிப்பவர் முதல் மாதம் எடுப்பார். பிறகு சீட்டுக் குலுக்கியோ, அவசரக்காரர் கழிவு கொடுத்து ஏலம் கேட்டோ ஒவ்வொருவராக எடுப்பார்கள். எழுத்தும் பத்திரமும் இல்லை; பக்கத்து லயத்துக்காரி என்ற நம்பிக்கைதான் ஈடு. பணத்தோடு ஓடிப்போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கூட்டு நிதித் தடைச் சட்டம் 1971இல் வந்தது. சட்டம் வந்ததால் கூட்டு நின்றுவிடவில்லை, கொஞ்சம் குரல் தாழ்த்திப் பேசப்பட்டது, அவ்வளவுதான். சட்டம் இயற்றியவர்கள் ஏமாற்றுக்காரர்களைப் பார்த்தார்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு ஒரே நாளில் ஆயிரம் வெள்ளி கொடுக்க வேறு யாரும் இல்லை என்பது அவர்கள் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

1980களின் தொடக்கத்தில் இந்தச் சிறு சேமிப்பின் ஒரு பகுதி பங்குகளுக்குப் போனது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டியது. ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கிய பங்கு 2010இல் 80 காசுக்கு வாங்கிக்கொள்ளப்பட்டது.

1980களில்தான் ஜொகூரில் முன்பணம் எல்லாக் குடும்பங்களின் பேச்சானது. பாசிர் கூடாங் துறைமுகம் 1977இல் திறந்தது. அதைச் சுற்றியும் செனாய், தம்போய்ப் பகுதிகளிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஜொகூர் பாருவை ஒட்டிய ரப்பர் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான் எனப்படும் குடியிருப்புகள் ஆயின. மவுண்ட் ஆஸ்டின் என்ற இன்றைய குடியிருப்பின் பெயர் பழைய ரப்பர் தோட்டத்தின் பெயர்தான். அரசு மலிவு விலை வீட்டின் விலையை 25,000 ரிங்கிட்டாகவும், வாங்குபவரின் குடும்ப வருமான வரம்பை மாதம் 750 ரிங்கிட்டாகவும் வைத்தது. அந்த வீட்டுக்கு முன்பணம் 2,500.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாட்கூலி 15 ரிங்கிட், மாதம் 24 நாள் வேலை, கணவனும் மனைவியும் வேலை செய்கிறார்கள் என்று கொண்டால் வருமானம் 720 ரிங்கிட், வரம்புக்குள் அடங்குகிறது. மாதம் 40 ரிங்கிட் மிச்சம் பிடித்தால் 2,500 சேர ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் தோட்டம் விற்கப்பட்டு வேலை போனால், 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி உண்டு. இருபத்தைந்து ஆண்டு உழைத்தவருக்கு அது 7,500 ரிங்கிட். லயத்தை இழக்கும் நாளில்தான் வீட்டுக்கு முன்பணம் கையில் வந்தது என்பது தோட்டப்புற வாழ்வின் கொடுமையான முரண். அந்த வயதில் தவணைக்கு வங்கி கடன் தராது. ஆகவே பாசிர் கூடாங் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்கும் மகன் அல்லது மகள் பெயரில் கடன், தகப்பனின் இழப்பீட்டிலும் சேமநிதியிலும் முன்பணம், தாயின் நகையில் வழக்கறிஞர் செலவு என்று பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டன. இழப்பீடு பெரியோர் கைக்கு வந்த நேரமும் பிள்ளை வேலைக்குச் சேர்ந்த நேரமும் ஒத்துப்போகாத வீடுகளில் பணம் கல்யாணத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கரைந்துபோனது.

சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கும் வழி 1980களின் தொடக்கத்தில் திறந்தது. 1994இல் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டு, வீட்டுக்கு எடுக்கக்கூடிய இரண்டாம் கணக்கில் 30 விழுக்காடு சேர்ந்தது. 1996 முதல் சந்தா தொழிலாளிக்கு 11, முதலாளிக்கு 12 விழுக்காடு என்றானது. மாதம் 1,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு இரண்டாம் கணக்கில் மாதம் 69 ரிங்கிட், ஆண்டுக்கு 828. பட்டணங்களில் 42,000 ரிங்கிட்டாக உயர்ந்த மலிவு வீட்டுக்கு வேண்டிய 4,200, ஐந்தாண்டில் தானாகச் சேர்ந்துவிடும். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சேமநிதி வாரியம் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் வங்கியின் கடன் கடிதத்தையும் பார்த்த பிறகே பணம் விடும். கையெழுத்திடும்போதே பத்து விழுக்காட்டையும் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். இடைப்பட்ட சில மாதங்களை அடைத்தது அடகுக்கடையும், மேலே சொன்ன கூட்டும்தான்.

மூன்றாவது வகை வருமானமான சிங்கப்பூர் வெள்ளி ஜொகூருக்கே உரியது. 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. பிறகு இடைவெளி விரிந்தது: 2013இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ 2.50 ரிங்கிட், 2023 முடிவில் 3.50ஐ நெருங்கியது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் பாலம் கடப்பவரின் 1,200 சிங்கப்பூர் வெள்ளிச் சம்பளம், ஒரு வெள்ளியும் உயராமலே 3,000 ரிங்கிட்டிலிருந்து 4,000க்கு மேல் போனது. உள்ளூரில் அதே வேலைக்கு 2013இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட். ஆனால் சிங்கப்பூரில் வேலை பெர்மிட்டில் இருப்பவருக்கு அங்கே சேமநிதி கிடையாது, இங்கேயும் முதலாளி சந்தா கிடையாது. கைக்கு முழுதாக வரும் பணத்தைத் தானே பூட்டி வைத்தால்தான் உண்டு. வருமானம் மூன்று மடங்கு, கட்டாயச் சேமிப்பு பூஜ்யம் என்ற இந்த நிலையில் சிலர் மூன்றே ஆண்டில் முன்பணம் சேர்த்தார்கள். சிலர் இருபது ஆண்டு பாலம் கடந்தும் வாடகை வீட்டில் இருந்தார்கள்.

2006இல் இஸ்கந்தார் மலேசியா என்ற வட்டார வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டபின் தென் ஜொகூரில் மேம்பாட்டாளர்களின் கவனம் விலை கூடிய வீடுகளுக்குத் திரும்பியது. ஜொகூரில் மண்ணின் மைந்தர் எனப்படும் பூமிபுத்ரா வாங்குவோருக்கு மேம்பாட்டாளர் தரும் 15 விழுக்காட்டுத் தள்ளுபடி முன்பணத்தையே விழுங்கிவிடும் அளவு பெரியது. தமிழருக்கு அது இல்லை. அவர்களை ஈர்த்தது ‘முன்பணமே வேண்டாம்’ என்ற விளம்பரம். ஒப்பந்த விலையை உயர்த்திக் காட்டி, உயர்த்திய பத்து விழுக்காட்டைக் கழிவாகத் திருப்பித் தரும் ஏற்பாடு அது. முன்பணம் மறைந்துபோகவில்லை, முப்பத்தைந்து ஆண்டுத் தவணைக்குள் வட்டியோடு நுழைந்துகொண்டது. அரசு தந்த வழிகளும் உண்டு. 2008இல் தொடங்கிய வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் நிலையான சம்பளம் இல்லாத கடைக்காரர், டாக்சிக்காரர், காய்கறி வியாபாரி ஆகியோருக்காக வங்கிக்கு உறுதி நின்றது. 2011இன் முதல் வீட்டுத் திட்டம் மாதம் 3,000 ரிங்கிட்டுக்குள் சம்பாதிக்கும் இளையோருக்கு முழு விலையையும் கடனாக்கியது. இரண்டிலும் முன்பணத் தடை விலகியது. மாதத் தவணைக்கு வருமானம் போதாதவர் வாசலிலேயே நின்றார்.

2024 மே மாதம் சேமநிதிக் கணக்கு மறுபடியும் மூன்றானது. வீட்டுக்கு எடுக்கக்கூடிய கணக்குக்குப் புதிய சந்தாவில் போகும் பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்தது. 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்குக்குப் போகிறது. பழைய இருப்பு வைத்திருந்தவர்களுக்கு இதனால் உடனடிப் பாதிப்பு இல்லை. புதிதாக வேலைக்குச் சேருபவரின் கணக்கு வேறு. 2025 பிப்ரவரியில் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில், 11க்கு 13 என்ற சந்தாப்படி அந்தக் கணக்கில் மாதம் 61 ரிங்கிட் விழும். மூன்று லட்சம் ரிங்கிட் வீட்டின் முன்பணமான 30,000 சேர, ஈவுத்தொகையைச் சேர்க்காவிட்டால், நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். 4,000 ரிங்கிட் சம்பளக்காரருக்குப் பதினேழு ஆண்டு. அதே சம்பளம் வாங்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் ஒன்பது ஆண்டுக்குள் முடியும்.