குழந்தையைத் தேடி வந்த அறை

சுவரில் யானைப் படம். தரையில் பாய், மூலையில் ஒரு பொம்மைக் கூடை. காக்கி உடுத்தாமல் வந்திருக்கும் பெண் அதிகாரி. பக்கத்து அறையில் பெண் மருத்துவர். கொடுமைக்கு ஆளான குழந்தையை இப்படி ஓர் இடத்தில்தான் பேசவிட வேண்டும், பரிசோதிக்க வேண்டும் என்பது இன்று நமக்குப் பழகிய செய்தி. ஆனால் இந்த அறை வந்த வழி நீளமானது. அது புறப்பட்ட இடம் ஒரு பிணவறை.

பாரிஸில் நீதிமன்றங்களுக்காகப் பிணக்கூறு ஆய்வு செய்துவந்தவர் அம்ப்ருவாஸ் தார்தியூ. பெரும்பாலும் பெற்றோராலேயே வதைக்கப்பட்ட 32 குழந்தைகளைப் பற்றி அவர் 1860-இல் எழுதினார். காயங்களின் இடம், வடிவம், பழையதா புதியதா என்றெல்லாம் குறித்துவைத்தார். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளைப் பற்றி அதற்கு முன்பே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். மருத்துவ உலகம் காது கொடுக்கவில்லை. அவருக்குப் பின்வந்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர், குழந்தைகள் இப்படிக் கதை கட்டுவது உண்டு என்று எழுதினார்கள். அந்தப் பேச்சு தார்தியூவின் குரலை நூறாண்டு அமுக்கிவைத்தது.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் மருத்துவர் அல்ல, குதிரைகளுக்காக வாதாடியவர். லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைப் பார்த்துவிட்டு, 1866-இல் நியூயார்க்கில் அதேபோல ஒன்றைத் தொடங்கியவர் ஹென்றி பெர்க். 1874-இல் எட்டா வீலர் என்ற சமூக ஊழியர், வளர்ப்பு வீட்டில் அடிபட்டுக் கிடந்த மேரி எல்லன் என்ற சிறுமிக்காக யார் யாரிடமோ உதவி கேட்டுக் கடைசியில் பெர்க்கிடம் வந்தார். விலங்குகளுக்கான சட்டத்தைக் காட்டித்தான் அவளை மீட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையல்ல. பெர்க்கின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஆட்கொணர்வு மனு போட்டுத்தான் அவளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் குழந்தைகளுக்கென்றே ஒரு சங்கம் பிறந்தது. 1881-இல் நியூயார்க் வந்த லிவர்பூல்காரர் தாமஸ் ஆக்னியூ அதைப் பார்த்தார், ஊர் திரும்பினார், 1883-இல் அப்படியே நகலெடுத்தார். லண்டனிலிருந்து விலங்குகளுக்காகக் கடல் கடந்த யோசனை, குழந்தைகளுக்காக இங்கிலாந்து திரும்பியது.

சங்கங்கள் வந்தன, மருத்துவம் மட்டும் அசையவில்லை. அதை அசைத்தது எக்ஸ்ரே. மண்டைக்குள் இரத்தம் கட்டிய ஆறு கைக்குழந்தைகளுக்குக் கை கால் எலும்புகளும் முறிந்திருப்பதை ஜான் கேஃபி 1946-இல் எழுதினார். எப்படி முறிந்தன என்று பெற்றோரிடமிருந்து விளக்கம் ஏதும் வரவில்லை. காரணத்தை நேரடியாகச் சொல்ல அவரும் தயங்கினார். டென்வரில் ஹென்றி கெம்ப்பும் சகாக்களும் 1962-இல் தயங்காமல் சொன்னார்கள்: அடிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள், சந்தேகம் வந்தால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

பாலியல் கொடுமையில் எக்ஸ்ரே உதவாது. அங்கே உள்ளே நுழைந்தது வேறொரு கருவி. கருப்பை வாயில் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே காண ஜெர்மனியில் ஹன்ஸ் ஹின்செல்மன் 1920-களில் உருவாக்கியது கால்போஸ்கோப். உடலைத் தொடாமல், சற்றுத் தள்ளி நின்று பெரிதாக்கிக் காட்டும். பிரேசில் நாட்டு மருத்துவர் டெய்ஷெய்ரா, பாலியல் குற்ற வழக்குகளில் இதைப் பயன்படுத்தியதை 1981-இல் எழுதினார். அமெரிக்க மருத்துவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். கேமரா பொருத்தினால் படம் பதிவாகும், குழந்தையைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டாம்.

ஆனால் படத்தில் தெரிவதற்கெல்லாம் பொருள் சொல்லும் ஆர்வமும் கூடவே வந்தது. காயமில்லாத குழந்தையின் உடல் எப்படி இருக்கும் என்று அதுவரை முறையாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஜான் மெக்கேன் குழுவினர் 1990-இல் அதைப் பார்த்தபோது, காயத்தின் அடையாளம் என்று சொல்லப்பட்டவற்றில் பல, இயல்பான உடலிலும் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் ஆஸ்ட்ரிட் ஹெகரும் சகாக்களும் பரிசோதித்த 2,384 குழந்தைகளில் உடலில் மாற்றம் தெரிந்தது சுமார் 4 விழுக்காட்டினருக்கே. 2002-இல் இது வெளிவந்தது. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல. இந்த வரலாறு முழுவதிலும் இதைத்தான் மிக முக்கியமான செய்தியாக நான் நினைக்கிறேன். நம் ஊரில் இன்றும் மருத்துவச் சான்றிதழைத்தான் முதலில் தேடுகிறோம். பரிசோதனையின் முதல் பயன் வேறு: நோய்த்தொற்று இருந்தால் சிகிச்சை, வளர்ந்த சிறுமியென்றால் கருத்தடை மருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக “உன் உடம்பு நல்லா இருக்கு கண்ணு” என்று ஒரு மருத்துவர் வாயால் அந்தக் குழந்தை கேட்பது.

உடல் சொல்லாததைக் குழந்தைதான் சொல்லவேண்டும். அப்படியென்றால் கேட்பவர் ஒழுங்காகக் கேட்கவேண்டும். இந்தப் பாடமும் அடிபட்டே கிடைத்தது. கலிஃபோர்னியாவின் மேன்ஹாட்டன் பீச்சில் ஒரு மழலையர் பள்ளி வழக்கு 1983-இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டார்கள். 1990-இல் முடிந்தபோது ஒருவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. உண்மையில் யாருக்கு என்ன நடந்தது என்று பிரித்தறியவே வழியில்லாமல் போயிற்று. அதன் பிறகுதான் மைக்கேல் லாம் போன்ற உளவியலாளர்கள், “என்ன நடந்ததுன்னு சொல்லு” என்று திறந்த கேள்வியில் தொடங்கும் நேர்காணல் முறையை வகுத்தார்கள். அதை நாடு முழுவதும் முதலில் கைக்கொண்ட இஸ்ரேல், குழந்தைக்குப் பதிலாகப் பயிற்சிபெற்ற விசாரணையாளரே நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல 1955-லேயே சட்டம் செய்திருந்தது.

மருத்துவரும் கேள்வியும் தயார். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தவர் ஓர் அரசு வழக்கறிஞர். அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் பட் கிரேமர் கண்டது இது: ஒரே குழந்தை, ஒரே கதை, காவலர், மருத்துவர், நலத்துறை, வழக்கறிஞர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் மறுபடி மறுபடி. 1985-இல் அவர் ஒரு வீட்டைப் பிடித்து, பெரியவர்கள் அத்தனை பேரையும் அங்கே வரவழைத்தார். இன்று அமெரிக்காவில் இத்தகைய மையங்கள் 900-க்கும் மேல்.

ஐஸ்லாந்து இந்த யோசனையை இரவல் வாங்கியது, வாங்கியதைவிட நன்றாகச் செய்தது. குழந்தைப் பாதுகாப்புத் துறையின் தலைவர் பிராகி குட்பிராண்ட்சன் முயற்சியால் ரெய்க்யாவிக்கில் ஒரு குடியிருப்புத் தெருவில் 1998-இல் ‘பார்னஹூஸ்’, அதாவது குழந்தைகள் வீடு, திறந்தது. குழந்தை ஓர் அறையில் ஒரே ஒருவரிடம் பேசும். நீதிபதி, காவலர், குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் உட்பட எல்லோரும் இன்னோர் அறையில் திரையில் பார்ப்பார்கள். அவர்களுடைய கேள்விகளும் அந்த ஒருவர் வழியாகவே போகும். அந்தப் பதிவே சாட்சியம். மருத்துவரும் அங்கேயே வருவார், ஆலோசனையும் அங்கேயே தொடரும். ஸ்வீடன் 2005-இல், நார்வே 2007-இல், கிரீன்லாந்து 2011-இல், டென்மார்க் 2013-இல் என்று வரிசையாக நகலெடுத்தன. 2018-இல் லண்டனிலும் ஒன்று வந்தது.

இந்தியாவுக்கு இந்த யோசனை சட்டமாக வந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது, குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். அதே ஆண்டு டெல்லி கர்கர்டூமா நீதிமன்றத்தில் குழந்தைச் சாட்சிகளுக்கென்று தனிக் கூடம் திறந்தார்கள். ஹைதராபாத்தில் 2016-இல் தொடங்கிய ‘பரோசா’ மையம் ஹன்ட்ஸ்வில்லின் தூரத்துச் சொந்தம்.

ஆனால் சட்டம் வந்த வேகத்தில் கூரை வரவில்லை. தமிழ்நாட்டில் குழந்தை பொதுவாக அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் தொடங்கி அரசு மருத்துவமனை, மாஜிஸ்திரேட், போக்சோ நீதிமன்றம் என்று இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இது என்னை உறுத்துகிறது. நல்ல மனம் கொண்ட அதிகாரி ஒவ்வொரு இடத்திலும் இருந்தாலும், இடங்கள் நான்கு என்பது மாறுவதில்லை. கிரேமர் செய்தது பெரிய செலவுள்ள காரியமுமல்ல. மாவட்டத்துக்கு ஒரு வீடு, அங்கே வந்துபோக ஒப்புக்கொள்ளும் பெரியவர்கள்.

அதுவரைக்கும் தெரிந்திருக்க வேண்டியவை சில. முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்று போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. காவல்துறைக் கடிதம் இல்லை என்று அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்க முடியாது. தனியார் மருத்துவமனையும் முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாகவே தரவேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.