கான்சாஸ் பூவும் சுந்தரபாண்டியபுரத்து வயலும்

அமெரிக்காவில் சூரியகாந்தி மாநிலம் என்று அழைக்கப்படுவது எது என்ற கேள்வி பொது அறிவுப் புத்தகங்களில் அடிக்கடி வரும். கான்சாஸ் என்பது விடை. 1903-ல் அந்த மாநிலம் சூரியகாந்தியைத் தன் பூவாக ஏற்றது. விடையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவதோடு அந்த வரலாறு நமக்கு முடிந்துபோகிறது. குற்றாலச் சீசன் நடக்கும் ஆடி மாதத்தில் தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் வயல்கள் மஞ்சளாக விரியும்போது, அதே வரலாறு நம் வாய்க்கால் கரையில்தான் நிற்கிறது. அமெரிக்க வரலாறு என்றால் அதிபர்கள், மோட்டார் கம்பெனிகள், ஹாலிவுட் என்றே நினைக்கப் பழகிவிட்டோம். அந்த நாட்டிலிருந்து இந்த வயலுக்கு வந்து சேர்ந்ததோ, இவை எதுவும் பிறப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பயிர் செய்தவர்களின் உழைப்பு.

வட அமெரிக்காவின் புல்வெளிகளில் காட்டுச் சூரியகாந்தி ஒரு செடியில் பல கிளைகளாகப் பிரிந்து, சின்னச் சின்னப் பூக்களாகப் பூக்கும். விதையும் பொடியாக இருக்கும். அதைப் பெரிய விதை தரும் பயிராக மாற்றியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். டென்னசியில் உள்ள ஹேய்ஸ் என்ற தொல்லியல் இடத்தில் கிடைத்த வளர்ப்பு விதைகள் 4,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. மெக்சிகோவில்தான் முதலில் பயிரானது என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. ஆனால் இன்றைய பயிர் வகைகளின் மரபணுக்கள் கிழக்கு வட அமெரிக்காவையே காட்டுகின்றன. விதையை இடித்து மாவாக்கினார்கள், எண்ணெய் எடுத்தார்கள். ஹோப்பி மக்கள் கருநீல விதைத் தோலிலிருந்து கூடை முடையும் நாருக்குச் சாயம் காய்ச்சினார்கள். தலைமுறை தலைமுறையாக நல்ல விதையைப் பார்த்து எடுத்துவைத்த அந்தக் கைகளில் ஒன்றின் பெயரும் எந்த வினாடி வினாவிலும் இடம்பெறாது.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்ற செடி, அங்கே நெடுங்காலம் தோட்டத்து அழகுப் பூவாகவே இருந்தது. அதை எண்ணெய்ப் பயிராகப் பெரிய அளவில் வளர்த்தவர்கள் ரஷ்யர்கள். 1830 வாக்கில் அங்கே செக்கில் ஆட்டி விற்கும் தொழில் வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டில் கிராஸ்னதார் நகரில் புஸ்தவாய்த் என்ற பயிர் அறிஞர் விடாமல் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், விதையில் முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்த எண்ணெய்ச் சத்து ஐம்பதை எட்டியது. சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு இருந்த இந்தியா, 1969-ல் சோவியத் நாட்டிலிருந்து வரவழைத்தது இந்த வகைகளைத்தான். நிலக்கடலையும் எள்ளும் ஆண்ட ஊர்களில் சூரியகாந்தி நுழைந்தது அதற்குப் பிறகே.

அப்படியானால் இது ரஷ்யப் பூ அல்லவா, அமெரிக்காவை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எண்ணெய் ரஷ்யர்களின் சாதனைதான். ஆனால் இன்று உழவர் கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஒட்டு விதை உண்டாக்க மகரந்தம் தராத தாய்ச்செடி வேண்டும். அந்த மலட்டுத் தன்மையை 1969-ல் பிரான்சில் லெக்லர்க் கண்டடைந்தது அமெரிக்கப் புல்வெளியின் மற்றொரு காட்டுச் சூரியகாந்தி இனத்தைக் கலந்தபோது. மகரந்த வளத்தை மீட்டுத் தரும் மரபணுவை 1970-ல் அறிவித்தவர் கின்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர். இந்த இரண்டின் மேல்தான் 1980-ல் பெங்களூரில் உருவான பி.எஸ்.எச்.-1 உட்பட ஒட்டு ரகங்கள் எழுந்தன. ஆக, அந்தக் காட்டுச் செடியின் சாரம் தாய்வழியாக இன்றைய ஒட்டு விதைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சூரியகாந்தி என்ற சொல்லே பழையதாயிற்றே, பூவும் நம்முடையதாகத்தானே இருக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. சூரியகாந்தம் என்ற சொல் பழையதுதான்; ஆனால் அது வெயில் பட்டால் தீ உமிழும் என்று நம்பப்பட்ட கல்லின் பெயர். சங்கப் புலவர்கள் ஞாயிற்றை நோக்கித் திரும்பும் பூ என்று பாடியது நெருஞ்சியை. காலில் குத்தும் முள்ளோடு தரையில் படரும் அந்தச் சிறிய மஞ்சள் பூவை அப்படிக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது வியக்கவைக்கும் செய்தி. பின்னால் வந்த பெரிய பூவைச் சேர்த்துக்கொண்டு அதை நெருஞ்சிக்கு உரிய இடத்தில் வைத்தால், இழப்பு இரண்டு பக்கத்துக்கும். பூர்வகுடிகளின் உழைப்பும் மறைகிறது, நம் புலவர்களின் கண்ணும் மறைகிறது.

சுந்தரபாண்டியபுரத்தின் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றது சினிமாதான். 1992-ல் வந்த 'ரோஜா'வின் நாயகிக்கு அதுவே சொந்த ஊர். 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தின் பெயரால் இன்றும் ஒரு பாறை அங்கே அழைக்கப்படுகிறது. இப்போது கேரளத்திலிருந்தும் கார்களில் வந்து பூக்களின் நடுவே நின்று படமெடுக்கிறார்கள். அழகை ரசிப்பதில் தவறே இல்லை. ஆனால் வயல் பின்னணிப் படுதாவாக மாறும்போது பயிர் கண்ணிலிருந்து விலகிவிடுகிறது. பூத்திருக்கும் அந்தச் சில நாட்கள்தான் விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. தேனீ போதாவிட்டால் விதை பதராகிவிடும். அதனால் காலை வேளையில் அடுத்தடுத்த இரண்டு பூத்தலைகளை முகத்தோடு முகம் மெல்ல உரசி மகரந்தம் சேர்க்கச் சொல்கிறது வேளாண்மைத் துறை. செடிகளுக்கு நடுவே கூட்டம் புகுந்து நடக்கும் நாட்களும் அவையே.

முற்றிய பூ சூரியனோடு சுற்றுவதை நிறுத்திக் கிழக்கு நோக்கி நின்றுவிடும். பிறகு இதழ் உதிர்ந்து, தலை கனத்துத் தொங்கி, பின்புறம் பச்சை மாறி மஞ்சளாகும். அறுக்க வேண்டிய பருவம் அது. அப்போது சாரலும் ஓய்ந்திருக்கும், கார்களும் குறைந்திருக்கும். தலைகளை வெட்டி வெயிலில் உலர்த்தி, கம்பால் அடித்து, காற்றில் தூற்றி மூட்டை கட்டுவார்கள். டென்னசியில் அன்று எடுத்துவைத்த விதையின் வழி வந்த விதை, எடை போட வியாபாரியின் தராசுக்குப் போகும்.