சேர்க்கை நிபந்தனையும் மாணவர் விசா ரத்தும் (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியாவின் மாணவர் விசாவில் (துணைவகை 500) 8202 என்ற எண்ணுடைய நிபந்தனை சேர்ந்தே வருகிறது. பதிவுபெற்ற முழுநேரப் படிப்பில் மாணவர் சேர்ந்திருக்க வேண்டும். விசா எந்த நிலைப் படிப்புக்காகத் தரப்பட்டதோ, அதே நிலையிலோ அதற்கு மேலோ அந்தச் சேர்க்கை தொடர வேண்டும். முனைவர் பட்டத்திலிருந்து முதுகலைக்கு இறங்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. போதிய முன்னேற்றமோ வருகையோ இல்லை என்று கல்வி நிறுவனம் சான்றளிக்கும் நிலையும் வரக்கூடாது. மீறினால், 1958ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் 116ஆம் பிரிவின்படி விசாவை ரத்து செய்யலாம். 'செய்யலாம்' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. 2013 ஏப்ரல் வரை, மாணவரின் கைமீறிய அசாதாரணச் சூழல் இல்லாவிட்டால், அங்கே 'செய்தாக வேண்டும்' என்றே இருந்தது.

அந்தப் பழைய முறை இன்னும் கடுமையான ஒன்றையும் கொண்டிருந்தது. வருகை அல்லது முன்னேற்றம் குறைந்ததாகக் கல்வி நிறுவனம் அனுப்பும் நோட்டீஸுக்கு 28 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் நேரில் விளக்கம் தராவிட்டால், எந்த அதிகாரியும் கோப்பைப் புரட்டாமலே விசா தானாக ரத்தாகிவிடும். 2005இல் அந்த நோட்டீஸ் படிவமே சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆயிரக்கணக்கான ரத்துகள் செல்லாமல் போயின. மனிதர் பார்த்திருந்தால் சில மாதங்களில் பிடிபட்டிருக்கக்கூடிய பிழை, பல ஆண்டுகள் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. மாணவர் விசா முறை குறித்த மைக்கேல் நைட்டின் 2011 மறுஆய்வைத் தொடர்ந்து 2013இல் இரண்டு ஏற்பாடுகளும் நீக்கப்பட்டன.

இந்த மாற்றத்தை வெறும் இரக்கமாகக் கொள்வது தவறு. சேர்ந்திருப்பது மாணவரின் கடமையே. ஆனால் சேர்க்கையை ரத்து செய்யும் கை நிறுவனத்தினுடையது. கட்டணம் தாமதமானாலோ தேர்ச்சி போதாவிட்டாலோ, நிறுவனம் உள் மேல்முறையீட்டுக்கு 20 வேலை நாட்கள் தந்துவிட்டு, பிறகு அரசின் கணினிப் பதிவில் சேர்க்கையை முடித்துவிடலாம். விசா நிபந்தனை மீறல் அங்கேதான் பிறக்கிறது. அந்தப் பதிவு, மீறல் நடந்ததா என்பதைக் காட்டுகிறதே ஒழிய, அது ஏன் நடந்தது என்பதைக் காட்டுவதில்லை. நோயா, நிறுவனம் மூடப்பட்டதா, படிக்கும் எண்ணமே இல்லையா என்பதைப் பிரித்தறிய ஓர் அதிகாரியின் பரிசீலனை தேவை. அதனால்தான் ரத்துக்கு முன் நோட்டீஸ் தந்து பதில் கேட்கும்படி 119ஆம் பிரிவு சொல்கிறது. வந்த நோக்கம், மீறலின் அளவு, காரணம், ஏற்படும் துன்பம் ஆகியவை எடைபோடப்படுகின்றன.

இப்படி அதிகாரிக்கு விருப்புரிமை தருவது தளர்வு, படிப்பின் பெயரில் வேலைக்கு வருவோருக்கு அது வசதி என்பார்கள். இந்தக் கவலை பொய்யல்ல. பல்கலைக்கழகத்துக்கு விசா வாங்கி, வந்த கையோடு மலிவான தொழிற்படிப்புக்குத் தாவியவர்கள் உண்டு. ஆனால் அதைத் தடுப்பது படிப்புநிலை விதி. அதற்குத் தானியங்கி ரத்து வேண்டியதில்லை. உண்மையான ஏமாற்றுக்காரரின் விசாவை ரத்து செய்யும் அதிகாரம் இன்றும் முழுமையாகவே இருக்கிறது, விளைவும் லேசானதல்ல. பல தற்காலிக விசாக்களுக்கு 3 ஆண்டுத் தடை வரக்கூடும். 'நிபந்தனை தெரிந்துதானே வந்தார்' என்பது இன்னொரு வாதம். தெரிந்திருப்பது மீறலை நிரூபிக்க உதவும். தண்டனையின் அளவை அது தீர்மானிப்பதில்லை.

ரத்தானால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 அக்டோபரில் பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்தில் இது வந்தது. ரத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்துவிட்டால் கறை அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடந்த மீறல் நடந்ததே. புதிய சேர்க்கை, தராசின் மறுதட்டில் வைக்கும் ஒரு கல் மட்டுமே.