வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது?

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஸ்கேன் அறிக்கையோடு வந்தார். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், வயிற்றுப் பெருந்தமனி 4.3 செ.மீ. அளவுக்கு வீங்கியிருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "ஹஜ்ரத், இது கேன்சர் கட்டியா? உடனே வயித்தைக் கிழிக்கணுமா?" என்று கேட்டார். நாம் மருத்துவர் அல்ல. அவருக்காகப் படித்ததையும் மருத்துவ நண்பர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறோம்.

முதலில், இது கேன்சர் இல்லை, கட்டியும் இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் நெஞ்சைக் கடந்து வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இறங்குகிறது. வயிற்றில் அதன் இயல்பான அகலம் சுமார் 2 செ.மீ. குழாயின் சுவர் பலவீனமானால், பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பதைப் போல அந்த இடம் புடைக்கிறது. 3 செ.மீ.யைத் தாண்டினால் அதை அனியூரிசம், அதாவது தமனி வீக்கம் என்கிறார்கள். பெரும்பாலும் சிறுநீரகத் தமனிகள் பிரியும் இடத்துக்குக் கீழேதான் இது வருகிறது.

யாருக்கு வருகிறது? 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு, அதிலும் புகைபிடிக்கும் அல்லது முன்பு புகைபிடித்த ஆண்களுக்கு அதிகம். ரத்த அழுத்தமும் ஒரு காரணம். தகப்பனுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு கூடுதல். பிரிட்டனில் 65 வயதை எட்டும் ஆண்களை அழைத்து ஒரே ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அப்படி அழைப்பு எதுவும் வராது. நாமாகப் போய் எடுத்தால்தான் உண்டு. ஊசி, மயக்கம் எதுவும் தேவையில்லாத சில நிமிட வேலை அது. நாற்பது வருடம் பீடியும் சிகரெட்டுமாக இருந்த நம் வீட்டுப் பெரியவர்களை ஒரு முறையாவது அழைத்துப் போகலாம்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இந்த வீக்கம் வலிக்காது என்பதுதான். பலருக்கு வெடிக்கும்வரை எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வெடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனை வாசலையே எட்டுவதில்லை. வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ திடீரென்று கடும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை அப்போதைய அடையாளங்கள். சிறுநீரகக் கல் வலி என்று மருத்துவர்களே ஏமாறுவதுண்டு. நம் வீடுகளிலோ வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம். முதிய வயதில் முதன்முறையாக இப்படி வலி வந்தால், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். வீக்கம் இருப்பது முன்பே தெரிந்தவர் என்றால், உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த நோயின் வைத்திய வரலாறு நீண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, 'அல்-தஸ்ரீஃப்' என்ற தம் நூலின் அறுவை சிகிச்சைப் பகுதியில் தமனி வீக்கத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அக்குள், தொடை இடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் உள்ளவற்றிலும் மிகப் பெரியவற்றிலும் கத்தி வைக்கக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை. வயிற்றுக்குள் இருப்பதைத் தொடுவது 20ஆம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய நடவாத காரியம். ஐன்ஸ்டீனுக்கு 1948இல் வயிற்றைத் திறந்தபோது, ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவரால் வீக்கத்தைச் சுற்றி செல்லோஃபேன் தாளைப் போர்த்த மட்டுமே முடிந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஐன்ஸ்டீன், 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்து இறந்தார். அதற்குள் வழி திறந்துவிட்டிருந்தது. 1951இல் பாரிஸில் சார்ல்ஸ் துபோஸ்த், வீங்கிய பகுதியை நீக்கி இறந்தவர் ஒருவரின் தமனியை வைத்துத் தைத்திருந்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டேக்ரான் துணியை வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்துப் பார்த்தார். இன்றும் திறந்த அறுவை சிகிச்சையில் அந்த வகைத் துணிக்குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இன்று இரண்டு வழிகள். ஒன்று, வயிற்றைத் திறந்து, மேலே கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தி, வீங்கிய இடத்தில் துணிக்குழாயை வைத்துத் தைப்பது. ஒரு வாரம் போல மருத்துவமனையில் இருக்க வேண்டும். பழைய தெம்பு திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். மற்றொன்று, தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக, துணி போர்த்திய ஸ்டென்ட்டை உள்ளே செலுத்தி விரிப்பது. அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி 1990இல் தொடங்கி வைத்த முறை இது. ரத்தம் ஸ்டென்ட்டுக்குள் ஓடுவதால் வீங்கிய சுவரில் அழுத்தம் விழுவதில்லை. சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் சிறுநீரகத் தமனிக்குக் கீழே ஸ்டென்ட் பிடித்து நிற்கப் போதிய நல்ல குழாய் இருக்க வேண்டும். அதை சி.டி. ஆஞ்சியோகிராமில் அளந்துதான் முடிவு செய்வார்கள்.

எது மேல்? பிரிட்டனில் இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் ஸ்டென்ட் முறையில் 1.7 சதவீதம், திறந்த முறையில் 4.7 சதவீதம். 15 ஆண்டு முடிவில் அந்த ஆதாயம் கரைந்து, பிந்தைய ஆண்டுகளில் திறந்த முறையே முந்தியது. ஆகவே வயது குறைந்த, உடல் திடமானவருக்குத் திறந்த முறையும், வயதும் இதய, நுரையீரல் நோயும் உள்ளவருக்கு ஸ்டென்ட்டும் பொதுவாகப் பொருந்தும். "கத்தியில்லா வைத்தியம்" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது நம் கருத்து.

சரி, எப்போது செய்வது? ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. என்பது பொதுவான எல்லை. வேகமாக வளர்ந்தாலோ, வலி தந்தாலோ எல்லைக்கு முன்பே செய்வார்கள். சிறிய வீக்கத்துக்கு முந்திக்கொண்டு அறுவை செய்வதால் ஆயுள் கூடுவதில்லை என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. பிரிட்டனில் 4.4 செ.மீ. வரை ஆண்டுக்கு ஒரு ஸ்கேன், 4.5 முதல் 5.4 வரை மூன்று மாதத்துக்கு ஒன்று. வீக்கத்தைக் கரைக்கும் மாத்திரை இதுவரை இல்லை. புகையை அடியோடு விடுவதும், ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைப்பதும்தான் இடைக்கால வைத்தியம். நம் பெரியவருக்கு இதைச் சொன்னபோது நிம்மதியடைந்தார். பீடியை விடுவதற்கு மட்டும் முகம் சுளித்தார்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று. மண்ணீரல் தமனியில் வரும் வீக்கம் பெண்களுக்கே அதிகம். கர்ப்ப காலத்தில் அது வெடித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதனால் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களுக்கு அளவு சிறியதாக இருந்தாலும் சிகிச்சை தரச் சொல்கிறார்கள். பெரும்பாலும் நுண்ணிய கம்பிச் சுருள்களைச் செலுத்தி அடைத்துவிடலாம்.

இந்தச் சிகிச்சைகளில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். அது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்று கேள்விப்பட்டு மறுத்தவர்களும் உண்டு. உயிர் காக்கும் அவசியத்தில், ஈடான மாற்று மருந்து இல்லாதபோது இதற்கு அனுமதி உண்டு என்பதே பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்களின் நிலை. மனக் குறை இருந்தால் மாற்று உண்டா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்கலாம். மேசையில் படுத்தபின் கேட்கும் கேள்வி அல்ல இது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆயுள் முழுவதும் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பில் ரத்தம் கசிந்து பழைய வீக்கம் மீண்டும் வளரலாம், வலி இருக்காது. வளைகுடாவில் பிள்ளைகளுடன் தங்கப் போகிறவர்கள் ஸ்டென்ட் அட்டையையும் பழைய சி.டி. ஸ்கேன் பதிவுகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். அங்குள்ள மருத்துவர் இன்றைய அளவைப் பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் வீக்கம் சுருங்குகிறதா, வளர்கிறதா என்று சொல்ல முடியும்.