தரவுத்தளத்திற் கணிப்பு நிரல்: ஒரு வரலாற்று நோக்கு

புள்ளிப் பதிவேட்டைப் பேணிய ஆசிரியர் எவரும் மொத்தப் புள்ளி நிரலின் இடரை அறிவர். மறுபார்வையிற் பாடமொன்றின் புள்ளி திருத்தப்படும். மொத்தமோ பழையபடி நிற்கும். அங்ஙனம் யான் விட்ட பிழையொன்றாற் பரிசுக்குரிய மாணவனொருவன் அதனை இழந்தனன். பெறத்தக்க எண்ணை எழுதிவைப்பதா, வேண்டியபோது கணிப்பதா என்னும் இவ்வினா கணினித் தரவுத்தள வரலாற்றிலும் நெடிது நின்றதாகும்.

1970 ஜூனில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கார் கொட் வெளியிட்ட கட்டுரையே தொடர்புநிலைத் தரவுத்தளத்துக்குக் கால்கோளாயிற்று. பயனாளர் காண்பன யாவும் நிரைகளும் நிரல்களுமுடைய அட்டவணைகள் என்பது அவர் கொள்கை. ஏனையவற்றிலிருந்து பெறத்தக்கதைத் தனியே வைத்தலை அவர் மிகைமை என்றார். அதனால் முரண்பாடு விளையக்கூடும் என்பதையும் ஆராய்ந்தார். எனினும் மிகைமையை முற்றாகத் தள்ளினாரல்லர். அக்கட்டுரையைப் படிப்போர் முற்பகுதியோடு நின்றுவிடின், இவ்வரிய ஆராய்ச்சியை இழப்பர்.

இவ்விடருக்குக் கண்ட பரிகாரங்களுள் ஒன்றே கணிப்பு நிரல். அட்டவணையை வரையறுக்கும்போதே, ‘மொத்தமாவது கணிதப் புள்ளியும் தமிழ்ப் புள்ளியுங் கூடியது’ என நிரலின் பெயரோடு விதியையும் எழுதிவிடுகின்றோம். அதன்பின் அந்நிரலில் எவரும் தம் கையால் எண்ணெழுத இயலாது. மைக்ரோசொப்டின் தரவுத்தளம் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இதனைக் கொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். நியமமும், 2007இல் ஒராக்கிளும் ஏற்றன.

பழைய வினா மட்டும் நீங்கவில்லை. விதியை மாத்திரம் வைத்துக் கேட்குந்தோறும் கணித்தல் ஒருவகை. கணித்த எண்ணையுஞ் சேமித்து, மூலம் மாறும்போது முறைமையே அதனையும் மாற்றுதல் மற்றொரு வகை. முன்னது இடத்தை மிச்சப்படுத்தும். பின்னது வாசிப்பை விரைவாக்கும். போஸ்ட்கிறெஸ் 2019இற் பின்னதை மட்டுமே அளித்தது. 2025இலேதான் முன்னதையுஞ் சேர்த்து, அதனையே இயல்பு வகையாக்கிற்று. சேமிக்கும் வகைக்கு, ஒரே தரவுக்கு என்றும் ஒரே விடை தரும் விதி வேண்டும். பிறந்த திகதியையும் இன்றைய திகதியையுங் கொண்டு வயதைக் கணித்துச் சேமிக்க முயன்றால் முறைமை மறுக்கும்; இன்றைய வயது அடுத்த ஆண்டு பொய்யாகுமன்றோ!

இன்னுமோர் எல்லையுண்டு. விதியானது தன் நிரையிலுள்ள பிற நிரல்களையே நோக்கும் என்பது பொதுவழக்கு. ஆகவே மாணவனின் மொத்தம் கணிப்பு நிரலாக அமையும். வகுப்பில் அவன் எத்தனையாம் நிலை என்பது அமையாது. அதற்கு ஏனை மாணவரின் நிரைகளையும் ஒப்பிட வேண்டுமாதலின், அதனை வினவலாகவே கேட்டறிதல் வேண்டும்.