உழைப்பவரே உரிமையாளர்: மொந்திராகோன் கூட்டுறவுகளின் அனுபவம்



பொருளாதாரம் என்றதும், அது அரசுகளும் பெருநிறுவனங்களும் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் முதலைவிட உழைப்பே முதன்மையானது என்பது திரு அவையின் தெளிவான போதனை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு, மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் இதை விரிவாக எடுத்துரைத்தார். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் ஓர் உதவிப் பங்குத்தந்தை இதைச் செயலில் காட்டத் தொடங்கியிருந்தார்.

அவர் அருள்பணி ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா. சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் நின்று சிறை கண்டவர். 1941இல் மொந்திராகோன் என்ற தொழில் நகருக்கு வந்தபோது, அங்கே போரின் காயங்களும் வேலையின்மையும்தான் மிஞ்சியிருந்தன. ஊரின் பெரிய ஆலை நடத்திய தொழிற்பயிற்சிப் பள்ளியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடமில்லை. எனவே ஊராரிடம் உதவி திரட்டி, 1943இல் இருபது மாணவர்களோடு தாமே ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். ஆலைக்கு முன் பள்ளி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று பலரும் கடன் கொடுத்துச் சங்கம் தொடங்குகிறார்கள், ஆனால் ஆள்களை உருவாக்குவதில்லை.

அப்பள்ளியில் படித்த ஐவர் 1956இல் 'உல்கோர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மண்ணெண்ணெய் அடுப்புகள் செய்தனர். முதலை ஊர்மக்களிடமே கடனாகத் திரட்டினர். 1959இல் 'காஹா லபோரால்' என்ற கூட்டுறவு வங்கி பிறந்தது. ஊராரின் சேமிப்பு வெளியூருக்குப் போகாமல் அவர்கள் பிள்ளைகளின் வேலைக்கே முதலாயிற்று. சொந்தத் தொழில் செய்வோராகக் கருதப்பட்டதால் இவர்களுக்கு அரசின் தொழிலாளர் காப்புறுதி கிடைக்கவில்லை. அதனால் அதையும் தாங்களே ஏற்படுத்திக்கொண்டனர்.

இங்கே சேரும் தொழிலாளர் ஒரு தொகையைப் பங்காகச் செலுத்த வேண்டும், தவணையிலும் செலுத்தலாம். பொதுப்பேரவையில் ஆளுக்கு ஒரே வாக்கு. பங்கு அதிகம் இருப்பதால் குரல் ஓங்குவதில்லை. மேலாளர்களை நியமிக்கும் நிர்வாகக் குழுவையே தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். இலாபத்தில் ஒரு பகுதி கல்விக்கும் ஊர் நலனுக்கும், ஒரு பகுதி பொதுச் சேமநிதிக்கும் போகிறது. மீதி அவரவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, ஓய்வுபெறும்போது கைக்கு வரும். தொடக்கத்தில் மிக உயர்ந்த ஊதியம் மிகக் குறைந்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது என்றிருந்தது. பின்னர் அது ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று. அதுவும்கூட நம் பெருநிறுவனங்கள் கனவிலும் எண்ணாத கட்டுப்பாடுதான்!

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1974இல் உல்கோரில் வேலைநிறுத்தம் நடந்தது. வேலைகளைத் தரம்பிரித்து ஊதியம் நிர்ணயித்த முறையே காரணம். தலைமையேற்ற 17 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சில ஆண்டுகளாயின. ஆளுக்கொரு வாக்கு இருந்தும் அடித்தளத்தில் நிற்பவரின் குரல் கேட்காமல் போகலாம் என்பதற்கு அது சான்று.

அதைவிடப் பெரிய அடி 2013இல் விழுந்தது. உல்கோரின் வழிவந்த 'ஃபாகோர்' வீட்டுச் சாதன நிறுவனம், ஸ்பெயினில் வீட்டுக் கட்டுமானம் சரிந்தபின் கடனில் மூழ்கித் திவாலானது. அதுவரை தோள்கொடுத்த சகோதரக் கூட்டுறவுகள், மேலும் பணம் போட்டால் தாங்களும் மூழ்குவோம் என்று கையை விரித்தன. உறுப்பினர்கள் தங்கள் பங்குத்தொகையை இழந்தனர். ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் தெருவில் விடப்படவில்லை. பலர் மற்றக் கூட்டுறவுகளில் அமர்த்தப்பட்டனர், வயது முதிர்ந்தோர் முன்கூட்டியே ஓய்வுபெற்றனர்.

அந்தப் பாதுகாப்பு உறுப்பினர்களுக்கே உரியது. வெளிநாடுகளில் இக்கூட்டுறவுகள் நடத்தும் ஆலைகளில் உழைப்போர் பெரும்பாலும் உறுப்பினர் அல்லர், வெறும் ஊதியக்காரர்களே. பாஸ்க் நாட்டில் உரிமையாளர், வெளிநாட்டில் முதலாளி என்ற இந்த முரண்பாடே மொந்திராகோனுக்கு முன் நிற்கும் கடினமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. 2022 டிசம்பரில் 'ஓரோனா', 'உல்மா' என்ற இரு பெரிய கூட்டுறவுகள் வாக்கெடுத்து இக்குழுமத்தைவிட்டுப் பிரிந்தன. எஞ்சியவற்றில் இன்றும் சுமார் 70,000 பேர் உழைக்கின்றனர். 1976இல் மறைந்த அருள்பணி அரிஸ்மெந்தியரியெத்தாவை, திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பரில் 'வணக்கத்திற்குரியவர்' நிலைக்கு உயர்த்தினார்.